கடையர் கண்ட கடல்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழாது. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் மேல்காற்று தென்காசி, சுரண்டை, சங்கரன்கோவில் என்று தரையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு கிழக்கே ஓடும். இன்றைக்கு அந்தக் காற்றை நம்பித்தான் இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. நான் சின்னப் பையனாக இருந்த 1970களில் காற்றாலை கிடையாது. எங்கள் தெருக் கூரைகள்தான் பறக்கும். ஓலை போய்விடாமல் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, வேலையும் இல்லாமல் உலையும் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். பள்ளக்குடிக்கு ஆடி என்றால் பசி மாசம்.

"இந்தக் காத்து எங்க ஆச்சி போவுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடலுக்குப் போவுதுலே. அங்க போயித்தான் நம்ம கருவாட்டக் காயவைக்குது."

ஆச்சி கருவாடு விற்றவள். சங்கரன்கோவில் சந்தையில் மொத்தமாக வாங்கி, ஓலைக்கடகத்தில் வைத்துத் தலையில் சுமந்து, ஊர் ஊராகப் போவாள். காரல், சாளை, வாளை, கொஞ்சம் நெத்திலி. சேரியில் காசு ஏது? ஒரு உழக்கு கம்புக்கு இத்தனை கருவாடு, ஒரு படி சோளத்துக்கு இத்தனை என்று கணக்கு. முப்பது வருசம் கடல் மீனை விற்றவள் கடலைப் பார்த்ததே இல்லை. எங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். ஆனாலும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கருவாட்டுக்காரி பேரன் என்பார்கள். ஒரு வாத்தியார் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆச்சியின் கடகத்தை எட்டி உதைத்தேன். அவள் என்னை அடிக்கவில்லை. சிதறிய கருவாட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதி, திரும்ப அடுக்கினாள். இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்தக் கடகம் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், எங்கள் ஊர்க் குளம். மீன்பாசிக் குத்தகை ஏலத்தில் எங்கள் தெரு ஆள் ஒருவர் கை தூக்கி நான் பார்த்ததில்லை. குளம் வற்றி மீன் அழிக்கிற நாளில், ஊர்க்காரர்கள் வலை வீசி முடித்துக் கரையேறிய பிறகு, சேற்றில் கிடக்கிற குஞ்சு குறுமீனை நாங்கள் கையால் தடவிப் பிடிக்கலாம். 1927 மார்ச் 20ஆம் நாள் மகாத் நகரத்துச் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் இறங்கித் தண்ணீரைக் குடித்தார். அந்தத் தேதியை நாம் கொண்டாடுகிறோம். தண்ணீருக்குள் இருக்கும் மீன் யாருக்கு என்ற கேள்வியை அவ்வளவாகக் கேட்டதில்லை.

தலித் வரலாறு என்று நாம் எழுதியவற்றைப் புரட்டிப் பாருங்கள். நிலம் இருக்கிறது, குளம் இருக்கிறது, கோயில் நுழைவு இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது. கடல் மிகக் குறைவு. கடல் வேறு யாருடையதோ என்று விட்டுவிட்டோம். அது அப்படி இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

*

1980களின் பிற்பகுதியில், படிப்பை முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்த காலத்தில், தூத்துக்குடியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தியும் சித்தப்பாவும் உப்பளத்துக் கூலிகள். மானாவாரிக் காடு கைவிட்ட பிறகு எங்கள் பக்கத்துச் சனம் பிழைக்கப் போன இடங்களில் உப்பளம் ஒன்று. மழை ஓய்ந்து தை, மாசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் வேலை இருக்கும். வாடைக்கால மழை இறங்கியதும் பாத்தி கரைந்து, வேலையும் கரைந்துவிடும். பாத்தியில் நின்று நின்று சித்தியின் கால்பாதம் வெடித்துக் கிடந்தது. கண் எந்நேரமும் சிவந்திருந்தது.

சித்தியோடு பாத்தியில் வேலை செய்த ஒரு பெண்ணின் தகப்பனார் சங்குகுளித் தொழிலாளி. அப்போதே அறுபதைத் தாண்டியவர். கடையர் குலம், கத்தோலிக்கர். திண்ணையில் உட்கார்ந்து வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார். சங்கரன்கோவில் என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க ஊர்க் காத்துதான் தம்பி எங்களக் கொல்லுது."

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அன்றைக்குத்தான் ஆச்சி சொன்னது வெறும் கதை இல்லை என்று தெரிந்தது. எங்கள் கூரையைப் பிய்க்கிற அதே மேல்காற்றைக் கடற்கரையில் கச்சான் என்கிறார்கள். அது தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையோரம் அலை பெரிதாக இருக்காது, பார்க்கிறவனுக்குக் கடல் படிந்து கிடப்பதுபோலத் தோன்றும். அதை நம்பி இறங்கினால் பாயை விரித்ததும் மரம் அம்புபோல ஓடும். திரும்பி வருவதற்குத்தான் உயிர் போகும். துடுப்புப் போட்டுப் போட்டுத் தோள் இற்றுப்போகும். வர முடியாமல் காற்றோடு போனவர்கள் உண்டு. "போறதுக்குக் காத்து கேக்காத. வாறதுக்குக் காத்து இருக்கான்னு கேளு" என்பது அவர் பாடம்.

அதே கச்சான்தான் உப்பளத்துப் பாத்தியில் தண்ணீரை வற்றவைக்கிறது. உப்பைப் பூக்கவைக்கிறது. காயப்போட்ட மீனை ஈ மொய்க்கவிடாமல் இறுக்குகிறது. ஒரே காற்று சங்கரன்கோவிலில் பட்டினியாகவும், உப்பளத்தில் கூலியாகவும், கடலில் சாவாகவும் இருக்கிறது. ஆச்சி கடகத்துக் கருவாட்டில் கடலுக்குப் போனவனின் உழைப்போடு உப்பு வாரிய எங்கள் சனத்தின் உழைப்பும் இருந்தது. நான் எட்டி உதைத்தது இரண்டையும் சேர்த்துத்தான்.

*

அந்தப் பெரியவரிடமும், அவர் வழியாக வேறு சில கடலாளிகளிடமும் நான் கேட்டு எழுதிவைத்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன்பிடித்தல் என்றால் வலையை வீசுவது, கிடைத்ததை அள்ளுவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் காற்று. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் மழையும் சேர்ந்து கடலைக் குழப்பும். தாமிரபரணி வெள்ளம் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் செம்மண்ணாகக் கொட்டும். கலங்கிய தண்ணீரில் சங்கு குளிக்க முடியாது, அடி தெரியாது. ஆனால் ஆற்று முகத்தில் இறாலுக்கு அதுதான் நேரம். தை முதல் சித்திரை வரை கடல் தெளியும். அதிகாலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று வீசும், அதில் போக வேண்டும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து காற்று திரும்பும், அதில் வர வேண்டும். எந்திரம் இல்லாத காலத்தில் இந்தப் போக்குவரத்து நேரம் தெரியாதவன் கடலாளியே இல்லை.

அடுத்தது நீவாடு, அதாவது கடலுக்குள் ஓடும் நீரோட்டம். மேலே ஒரு திசையிலும் அடியில் வேறு திசையிலும் ஓடுவது உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுவை கூடும், எட்டாம் நாள் வாக்கில் தணியும். மிதக்கவிடும் வலையை நீவாட்டுக்குக் குறுக்கே விட்டால்தான் மீன் வந்து முட்டும். நிலா வெளிச்சத்தில் மீன் வலையைக் கண்டுகொள்ளும் என்பதால் சில வலைகளுக்கு இருட்டுக் காலம்தான் நல்லது. நைலான் வருவதற்கு முன்னால் பருத்தி நூல் வலைகளைப் பட்டைச் சாயத்தில் முக்கி எடுத்ததற்கு நூல் உளுத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்பதே காரணம். சாளைக்கு ஒரு கண்ணி, பெரிய மீனுக்கு ஒரு கண்ணி. கண்ணியின் அளவை விரலை வைத்தே சொல்வார்கள். கரையிலிருந்து வளைத்து இழுக்கும் கரைமடிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இரண்டு கை வேகமும் ஒத்துப்போகாவிட்டால் மடி திறந்து மீன் போய்விடும்.

மூன்றாவது, கடலின் அடி. மேலே நிற்கிற நமக்குக் கடல் ஒன்றுதான். அவர்களுக்கு அடியில் மணல் உண்டு, சேறு உண்டு, பார் உண்டு. பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டு. விளமீனும் களவாயும் பாரில் அண்டும். அங்கே வலை போட்டால் கிழியும், தூண்டில்தான் போட வேண்டும். ஆனால் நடுக்கடலில் பார் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, முன்னே ஒன்று பின்னே ஒன்றாக, ஒரே கோட்டில் கொண்டுவருகிறார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் கொண்டுவருகிறார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். இதற்குக் குமரிக்கரையில் கணியம் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வடிவகணிதம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். அதை எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தண்ணீரில் மிதந்துகொண்டே செய்தார்கள். திருச்செந்தூர்க் கோபுரமும் மணப்பாட்டுக் குன்றின் மேலுள்ள கோயிலும் கடலிலிருந்து பார்ப்பவருக்கு நல்ல அடையாளங்கள். தீண்டாதவர் என்று கோபுர வாசலிலேயே தடுக்கப்பட்ட காலத்திலும் அந்தக் கோபுரத்தின் உச்சி கடலில் இருந்தவனுக்கு வழி காட்டிக்கொண்டுதான் இருந்தது.

இதெல்லாம் அனுபவம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நமது படித்தவர்களின் வழக்கம். கவனித்தல், ஒப்பிடுதல், பிழைத்தால் திருத்துதல், அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தருதல் — இவ்வளவும் இருந்தால் அதற்குப் பெயர் அறிவு.

*

இனி சங்குக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் பாதிப்பாதி. நாராயணன் பாதிக்கு உரியது சங்கு. ஆடித்தபசு அன்று ஊர் கொள்ளாத கூட்டம் வரும். சங்கு ஊதுவது கேட்கும். அந்தச் சங்கு எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது என்று எந்தத் தலபுராணமும் சொல்லவில்லை.

பெரியவர் சொன்னார்: "சங்கு பார்ல கெடக்காது தம்பி. மணல்ல கெடக்கும். அதுவும் எல்லா மணல்லயும் இல்ல. பூச்சி இருக்க மணலா இருக்கணும். சங்குக்குத் தீனி பூச்சிதான்." விலங்கியல் நூல்களும் இதையே சொல்கின்றன. புழுக்கள் நிறைந்த மணல் தரையில் புதைந்து வாழும் உயிர் அது. உடம்பு மணலுக்குள் இருக்க, நுனி மட்டும் வெளியே தெரியும். அதைக் கண்டுபிடிக்கத் தெளிந்த நீர் வேண்டும், பழகிய கண் வேண்டும். அது இடுகிற முட்டைக்கூடு ஆட்டுக்கொம்பு போல முறுக்கிக்கொண்டு மணலில் நிற்கும். அதைச் சங்குப்பூ என்கிறார்கள். "பூ நிக்கிற எடத்துல தாய்ச்சங்கு கெடக்கும். ஆனா பூவப் பிடுங்கக் கூடாது."

ஐந்து பாகம், பத்துப் பாகம் ஆழம். இரண்டு கையையும் விரித்த அளவு ஒரு பாகம். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி இறங்க வேண்டும், கல் வேகமாக அடிக்குக் கொண்டுபோய்விடும். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருப்பது ஒரு நிமிடம் போல. அதற்குள் எடுத்துப் பையில் போட்டு, கயிற்றை அசைத்து மேலே வர வேண்டும். கயிறு பிடிப்பவர் மச்சினனாகவோ அண்ணன் தம்பியாகவோதான் இருப்பார். "சொத்த யார்கிட்ட வேணும்னாலும் குடுக்கலாம். மூச்ச யார்கிட்டயும் குடுக்க முடியாது" என்றார்.

முத்துக்குளிப்பும் இப்படித்தான். அதன் வரலாறு நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பாண்டியர் எழுதவைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, சுறா அண்டாமல் மந்திரிக்கும் பார்ப்பனருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கே கொடுக்கிறார். 1530களில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றுப் போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்தார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்தார்கள். பிறகு வெள்ளையர். கொடி மாறிக்கொண்டே இருந்தது, கடலுக்குள் இறங்கியவர்கள் மாறவில்லை. வெள்ளையர் காலத்து முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவருக்கு, மீதி சர்க்கார் ஏலத்துக்கு. அப்போதும் சுறாவைக் கட்டும் கடல்கட்டி என்ற மந்திரக்காரருக்குப் பங்கு உண்டு. மந்திரம் சொன்னவர் கரையில் நின்றார். மூச்சைப் பிடித்தவர் அடியில் இருந்தார்.

சங்கு சர்க்காரின் ஏகபோகம். மரப்பலகையில் அளவுத் துளை வைத்திருப்பார்கள். அதன் வழியே விழுந்துவிடும் சின்னச் சங்கு கடலுக்கே திரும்ப வேண்டும். பெரிய சங்கு கப்பலேறி வங்காளம் போகும். அங்கே டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுத்து வளையலாக்குவார்கள். கணவன் உயிரோடு இருக்கிற பெண்ணின் அடையாளம் அது. வளையலுக்காகத் தன் கணவனைக் கடலுக்குள் அனுப்பியவள் தெற்கே கரையில் காத்திருந்தாள். தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளின் அதிகாரியாக இருந்து, பின்னர் சென்னை மாகாண மீன்துறை இயக்குநரான ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகளைக் கண்டு, பழங்காலத்தில் இங்கேயே வளையல் அறுத்தார்கள் என்று காட்டியவர் அவர். நல்ல நூல், மறுக்கவில்லை. ஆனால் கடலடியின் தன்மையைத் துரைகளுக்குச் சொன்னவர்கள் யார்? சிப்பி முற்றிவிட்டதா என்று அறிய அடிக்கு அனுப்பப்பட்டவர்கள் யார்? வரைபடத்தில் உள்ள பார்களின் பெயர்களை வைத்தவர்கள் யார்? புத்தகத்தின் அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது. கயிற்றில் தொங்கிய நூற்றுக்கணக்கானவர்களின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

*

அந்த நூற்றுக்கணக்கானவர்களில் பரதவர் உண்டு, கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்கள் உண்டு, கடையரும் உண்டு. இவர்களில் கடையரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் கடையருக்குச் சில வரிகள் ஒதுக்கியிருக்கிறார். கடை என்றால் கடைசி, இழிந்தது என்று பெயருக்குப் பொருள் சொல்லி, பள்ளரில் ஓர் உட்பிரிவு என்று வகைப்படுத்தி, இராமேஸ்வரம் வட்டாரத்தில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள் என்றும், முத்துக்குளிப்பவர்களில் ஒரு பகுதி இவர்கள்தான் என்றும் எழுதினார்.

அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சாதியின் உட்பிரிவு. அப்படியானால் நாங்கள் கடலைப் பார்க்காதவர்கள் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு கை கடலடியில் சங்கைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறது, இன்னொரு கை வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்திருக்கிறது. துரை எழுதியதையெல்லாம் வேதமாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நமது தலைவர்கள் கேட்ட ஏழு பெயர்ப் பட்டியலிலும் கடையர் இருந்தார்கள்.

2021இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. தேவேந்திரகுலத்தான், கடையன், காலாடி, குடும்பன், பள்ளன், பண்ணாடி, வாதிரியான் ஆகியோர் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் வந்தார்கள். பெயரை மீட்டதில் பலருக்கு மகிழ்ச்சி. சட்டத்தைக் கவனமாகப் படித்தவர்களுக்கு அடைப்புக்குறிக்குள் ஒரு வரி கண்ணில் படும். திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடலோரப் பகுதிகளில் உள்ள கடையர் இதில் சேரமாட்டார்கள். அவர்கள் பழைய பெயரிலேயே தனியாக அட்டவணையில் நிற்கிறார்கள்.

இது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கடலோரக் கடையர் தங்களைத் தனிச் சமூகமாகக் கருதினால் அது அவர்கள் உரிமை. நான் கேட்பது வேறு. வேளாளர் என்றால் உழுகிறவர். உழவை மட்டுமே பெருமையாக எடுத்து நம் அடையாளத்தைக் கட்டினால், கடலில் இறங்கியவனை எங்கே வைப்போம்? சுண்ணாம்பு சுட்டவனை எங்கே வைப்போம்? கருவாடு சுமந்த என் ஆச்சியை எங்கே வைப்போம்? அடைப்புக்குறி சட்டத்தில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. அது நம் மனதுக்குள்ளும் இருக்கிறது என்பதுதான் என் பயம்.

பெயருக்கு என்ன அர்த்தம் என்று பெரியவரிடமே முன்பு கேட்டிருக்கிறேன். அவர் சிரித்தார். "நெலம் முடியுற கடைசில இருக்கோம். அதுக்கு அங்கிட்டு கடல்தான். அதான் கடையரு. கரைலயும் கடைசித் தெரு எங்களுக்குத்தான். கடலுக்குள்ள மட்டும் முதல் ஆளா எறக்கிவிடுவாங்க." கடற்கரையில் சாதி இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

*

அந்தக் கடல் இப்போது எப்படி இருக்கிறது? தூத்துக்குடியில் சர்க்கார் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. இழுவைமடிப் படகுகள் வந்தன. கடலடியை அரித்துக்கொண்டு போகும் மடிக்குச் சங்குப்பூ எது, குஞ்சுச் சங்கு எது என்று தெரியாது. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு வரக்கூடாது என்கிறது. அந்தக் கோடு அடிக்கடி மீறப்படுகிறது. 1986இல் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிக் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2010லும் 2016லும் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்தன. 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை.

தடை என்றதும் இராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிடுக்கில் மூழ்கி மரிக்கொழுந்து பாசி பறிக்கிறவர்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குவது, பாசி வளர்கிற பருவத்தில் 45 நாள் இறங்குவதே இல்லை என்று அவர்கள் தாங்களாகவே விதி வைத்துக்கொண்டார்கள். எந்தத் துரையும் சொல்லித்தரவில்லை. ஆனால் பூங்கா எல்லைக்குள் நுழைந்தவர்கள் என்று துரத்தப்படுவதும் அவர்கள்தான்.

சங்கு குளிப்பிலும் மாற்றம் வந்தது. டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரைப் படகில் வைத்து, குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். மணிக்கணக்கில் அடியில் இருக்கலாம், இன்னும் ஆழமாகப் போகலாம். வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக்குமிழி கட்டி, கை கால் விளங்காமல் போகும். பெரியவரின் மகனுக்கு அப்படித்தான் ஆனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. "நாங்க மூச்சு தீந்ததும் மேல வந்துருவோம். மூச்சுதான் எங்களுக்கு அளவு. இவங்களுக்கு அளவே இல்லாமப் போச்சு" என்றார். வேறு வழி என்ன என்று நான் கேட்டேன். பதில் சொல்லவில்லை. சங்கு குறைந்துவிட்டது, ஆழமாகப் போனால்தான் கிடைக்கும், வாங்கிய முன்பணத்தைக் கழிக்க வேண்டும். பழைய முறையைப் புகழ்ந்துவிட்டுப் போவது நமக்குச் சுலபம், அவர்களுக்கு இல்லை.

*

ஆச்சி இறந்தபோது எங்கள் வழக்கப்படி சங்கு ஊதினார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் புகட்டுவதும் சங்கில்தான், பிணத்துக்கு முன்னால் ஊதுவதும் சங்குதான். கோயில் சங்குக்குத் தீட்டு உண்டு, சுடுகாட்டுச் சங்குக்குக் கிடையாது. இரண்டும் ஒரே மணலில் புதைந்து கிடந்தவை, ஒரே மூச்சில் எடுக்கப்பட்டவை. கடலைப் பார்க்காத ஆச்சி போன பாதையில் அந்தச் சத்தம் முன்னால் போனது. அது யார் எடுத்த சங்கு என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

பெரியவரும் இப்போது இல்லை. அவரிடம் நான் கேட்டு எழுதியது ஒரு நாற்பது பக்க நோட்டு. கேட்காமல் விட்டது எவ்வளவு என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வேம்பாரிலிருந்து இராமேஸ்வரம் வரை இந்தத் தொழிலில் இருந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். கல் கட்டி இறங்கியவர்கள், கணியம் பார்த்தவர்கள், பாசி பறித்த கிழவிகள், உப்பு வாரிய நம் சித்திகள். அருகில் இருக்கும் தோழர்கள், மாணவர்கள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். காற்றின் பெயர், பாரின் பெயர், மீனின் பெயர், கூலிக் கணக்கு, செத்தவர் பெயர் எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள். முக்கியமாக, சொன்னவரின் பெயரை அவர் சம்மதித்தால் முதல் வரியில் போடுங்கள். ஹார்னெலும் தர்ஸ்டனும் செய்யாதது அது ஒன்றுதான்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் நானும் பெயர் எழுதவில்லை. "கடையர் பெரியவர், தூத்துக்குடி" என்றுதான் எழுதியிருக்கிறேன். அவர் பெயரை நான் கேட்டிருக்கிறேன், தெரியும். எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையிலும் போடவில்லை, சம்மதம் கேட்க அவர் இல்லை. அவர் மகளைத் தேடிப் போக வேண்டும்.